ரிங் லைட் அப்புறம் வாங்கலாம், முதல்ல டியூப்லைட்டை ஆஃப் பண்ணுங்க

வீடியோ எடுக்கக் கத்துக்கணும்னு வர்றவங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, "சார் என்ன லைட் வாங்கலாம்?" சமையல் சேனல் ஆரம்பிக்கிற அக்கா, புடவைக்கடை வச்சிருக்கவர், ஆன்லைன்ல பாடம் எடுக்குற வாத்தியார் எல்லாருக்கும் இதே கேள்விதான். பாதிப் பேர் கேக்குறதுக்கு முன்னாடியே ஒரு ரிங் லைட்டை வாங்கிட்டுத்தான் வருவாங்க. வாங்குறது இருக்கட்டும், வீட்ல எரியுற லைட்டை முதல்ல அணைங்கன்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க.

நம்ம வீட்டு ஹாலை எடுத்துக்கோங்க. மேல டியூப்லைட், அது 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு, நம்பர் ஏற ஏற நீலம்), நீலமா அடிக்கும். ஃபால்ஸ் சீலிங்ல வார்ம் வொயிட் பல்பு, 3000 கெல்வின், மஞ்சள். ஜன்னல் வழியா வர்ற பகல் வெளிச்சம் 5600 பக்கம். மூணும் ஒரே மூஞ்சியில விழுந்தா ஒரு கன்னம் மஞ்சளாவும் இன்னொரு கன்னம் நீலமாவும் இருக்கும், நம்ம கண்ணு அதுக்குப் பழகிடும் ஆனா கேமராவுக்குப் பழகத் தெரியாது, வொயிட் பேலன்ஸ்ல, அதாவது எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்ற செட்டிங்ல, ஒண்ணை சரி பண்ணா இன்னொண்ணு கெட்டுப்போகும். எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு சொல்றவங்க பேச்சை இந்த விஷயத்துல மட்டும் கேக்காதீங்க.

ரிங் லைட் மேல எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்ல. லென்ஸைச் சுத்தி வெளிச்சம் வர்ற இந்த ஐடியாவே 1950கள்ல பல் டாக்டருங்க வாய்க்குள்ள போட்டோ எடுக்கறதுக்காக வந்தது, நிழலே விழக்கூடாதுன்னு. பல்லுக்கு சரி. மனுஷ மூஞ்சிக்கு நிழல் வேணும்ங்க, அது இருந்தாத்தான் மூக்கு மூக்கா தெரியும், இல்லன்னா ஆதார் கார்டு போட்டோ மாதிரிதான் வரும். கண்ணாடி போட்டவங்களா இருந்தா ரெண்டு கண்ணுலயும் ரெண்டு வளையம் வேற.

அப்ப என்ன பண்ணலாம்? நேரடியா வெயில் விழாத ஒரு ஜன்னலைப் பாருங்க. ஆளை ஜன்னலுக்கு முதுகு காட்டாம, நேராவும் பாக்காம, சாய்வா ஒரு 45 டிகிரியில உக்கார வைங்க. இதுதான் கீ லைட், அதாவது முக்கியமான வெளிச்சம். இன்னொரு பக்கம் ரொம்ப இருட்டா இருந்தா ஒரு தெர்மாகோல் ஷீட்டைப் புடிங்க, அது ஃபில், நிழல் பக்கத்தை லேசா நிரப்புற வெளிச்சம். ஷூட்டிங் ஸ்பாட்ல இன்னிக்கும் லைட்மேன் அண்ணன்கள் தெர்மாகோலத்தான் தூக்கிட்டு ஓடுறாங்க. நல்ல வெள்ளை வேட்டி இருந்தாலும் போதும். 1956ல வந்த சத்யஜித் ரேயோட 'அபராஜிதோ' படத்துல காசி வீட்டு முற்றத்தை கல்கத்தா ஸ்டுடியோவுக்குள்ள செட் போட்டப்ப, கேமராமேன் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேல வெள்ளைத் துணியைக் கட்டி, கீழ இருந்து லைட்டை அதுல அடிச்சு, திரும்பி வர்ற வெளிச்சத்துலதான் எடுத்தாரு. நிஜ முற்றம் மாதிரியே இருக்கும். வெளிச்சம் பெரிய பரப்புல இருந்து, கிட்ட இருந்து வந்தா மென்மையா இருக்கும், சின்னதா தூரத்துல இருந்து வந்தா நிழல் கத்தி மாதிரி வெட்டும், அவ்ளோதான் விஷயம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோக்கள்ல "வடக்கு ஜன்னல்ல வெயிலே வராது"ன்னு சொல்வாங்க. அவங்க ஊருக்கு அது ஓரளவு சரி. சென்னையில ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் நடுவு வரைக்கும் சூரியன் உச்சிக்கு வடக்கதான் போகும், அதனால மே, ஜூன், ஜூலையில வடக்கு ஜன்னல்லயும் காலையும் சாயங்காலமும் வெயில் சாய்வா உள்ள வரும். ஒரு வெள்ளை ஸ்கிரீன் போட்டுக்கோங்க.

தூரமும் முக்கியம். லைட்டை 3 அடியில இருந்து 6 அடிக்குத் தள்ளி வச்சா வெளிச்சம் பாதியாகாது, கால்வாசிதான் இருக்கும். அதனால ஆளை சுவத்துல இருந்து ஒரு 5, 6 அடி முன்னாடி கொண்டு வந்தாலே பின்னாடி சுவர் தானா இருட்டாயிடும், தலைக்குப் பின்னாடி விழுற அசிங்கமான நிழலும் போயிடும். ஆளைப் பின்னணியில இருந்து பிரிச்சுக் காட்டுற பேக்ரவுண்டு செப்பரேஷன் ஓசியில கிடைக்குது.

சமீபத்துல ஒரு மெஸ்ஸுக்கு ரீல்ஸ் எடுக்கப் போனோம். துணி இட்லி, தட்டைத் தூக்குனா ஆவி பறக்குது, ஆனா மானிட்டர்ல ஆவியே இல்ல. எல்.இ.டி பேனல் கேமரா பக்கத்துல நின்னுச்சு, அதான். பேனலைத் தூக்கி இட்லிப் பானைக்குப் பின்னாடி கொஞ்சம் ஓரமா, ஃபிரேமுக்கு வெளிய வச்சேன். "என்ன தம்பி, லைட்டைக் கொண்டுபோய் பின்னாடி வைக்கிறீங்க, இட்லி இருட்டா தெரியாதா?"ன்னாரு ஓனர். "கொஞ்சம் பொறுங்கண்ணே"ன்னு முன்னாடி தெர்மாகோலைச் சாய்ச்சு வச்சதும் அவரே மானிட்டர்கிட்ட வந்துட்டாரு. ஆவி வெள்ளையா எழும்புது, பின்னாடி கரி படிஞ்ச சுவர் இருட்டா இருந்ததால இன்னும் நல்லா தெரியுது, இட்லி மேல துணியோட நெசவுத் தடம்கூட வரி வரியா விழுந்துச்சு. சாம்பார்ல மிதக்குற எண்ணெய் மினுக்கறதும் பேக்லைட்லதான். சாப்பாடு எடுக்குறவங்க இதை மட்டுமாவது புடிச்சுக்கோங்க.

நிறைய பேர் புலம்புற இன்னொண்ணு, வீடியோவுல கோடு கோடா ஓடுறது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குங்க செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், ஷட்டர் (ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்குற நேரம்) 1/60 செகண்டுல இருந்தா அதோட ஒத்துப்போகாது. கேமரா ஆப்ல புரோ மோடுக்குப் போய் 1/50 இல்ல 1/100 வைங்க, பெரும்பாலும் நின்னுடும். ஐஃபோன்ல வீடியோ செட்டிங்க்ஸ்ல பால் (PAL) ஃபார்மட்டை ஆன் பண்ணா நம்ம 50 ஹெர்ட்ஸோட ஒத்துப்போற செகண்டுக்கு 25 ஃபிரேம் கிடைக்கும்.

அப்புறம் எக்ஸ்போஷர், அதாவது கேமரா எவ்ளோ வெளிச்சம் எடுத்துக்குதுங்கறது. வெள்ளை வேட்டி சட்டை, பின்னாடி வெள்ளைச் சுவர், நடுவுல நம்ம மாநிற மூஞ்சி. ஆட்டோல விட்டா கேமரா அந்த வெள்ளையைப் பாத்துப் பயந்து எல்லாத்தையும் இருட்டாக்கும், மூஞ்சி காலி. மொபைல்ல மூஞ்சி மேல விரலை அழுத்திப் புடிச்சு லாக் பண்ணுங்க. அதுக்காக ஏத்தி ஏத்தி ஆளை வெள்ளையாக்குற வேலை வேண்டாம், எனக்கு அது சுத்தமா ஆகாது. கறுத்த மேனிக்கு ஓரத்துல இருந்து பெரிய மென்மையான லைட் ஒண்ணு குடுத்துப் பாருங்க, அந்தப் பளபளப்பு எந்த ஃபில்டர்லயும் வராது.

ஃபிரேமிங்ல ரூல் ஆஃப் தேர்ட்ஸ், அதாவது ஃபிரேமை மூணு மூணா பிரிச்சுப் பாக்குறது, எல்லாருக்கும் தெரியும், கிரிட்டை ஆன் பண்ணி கண்ணை மேல் கோட்டுல வைங்க, முடிஞ்சுது. அதிகமா தப்பு நடக்குறது ஹெட்ரூம்லதான், தலைக்கு மேல அரை ஃபிரேம் காலியா ஃபேன் சுத்திட்டு இருக்கும். முட்டி, கணுக்கால், மணிக்கட்டுல ஃபிரேமை வெட்டாதீங்க, கொஞ்சம் மேலயோ கீழயோ வெட்டுங்க. பேட்டின்னா கேள்வி கேக்குறவரை கீ லைட்டுக்கும் கேமராவுக்கும் நடுவுல உக்கார வைங்க, பேசுறவர் வெளிச்சம் வர்ற பக்கம் பாப்பாரு, கேமரா பக்கம் இருக்குற கன்னத்துல லேசா நிழல் விழும், மூஞ்சிக்கு ஒரு ஆழம் வரும். அவர் பாக்குற திசையில இடம் விடுங்க. ரெண்டு பேர் பேசுனா கேமரா அவங்க நடுவுல ஓடுற கோட்டைத் தாண்டக்கூடாது, தாண்டுனா ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்குற மாதிரி ஆயிடும்.

புடவைக்கடைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. பல்பு டப்பாவுல போட்டிருக்க சி.ஆர்.ஐ நம்பர், அதாவது அந்த வெளிச்சத்துல நிறம் எவ்ளோ உண்மையா தெரியும்ங்கற மார்க், 8 வெளிர் நிறங்களோட சராசரிதான், அடர் சிவப்பு அதுல சேராது. அதான் சாதா பல்புல எடுத்த அரக்கு பட்டு வீடியோவுல பழுப்பா தெரியுது, கஸ்டமர் "நீங்க காட்டுன கலர் இது இல்லையே"ன்னு திருப்பி அனுப்புறாங்க. பட்டுக்குப் பகல் வெளிச்சமே போதும். லைட்டுதான் வேணும்னா சி.ஆர்.ஐ 95க்கு மேல, அடர் சிவப்புக்கான ஆர்9 நம்பரும் நல்லா இருக்கறதா வாங்குங்க.

கடைசியா, பழைய ஹாலஜன் லைட்டை இன்னும் கல்யாண வீடியோவுக்குத் தூக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. அது மேல பட்டர் பேப்பரை ஒட்ட வச்சுக் கட்டாதீங்க, கருகி தீயே புடிக்கும். 1000 வாட்ஸ் லைட் ஒண்ணு 4 ஆம்ப்ஸுக்கு மேல இழுக்கும், ரெண்டை சாதா 6 ஆம்ப்ஸ் பிளக்ல ஒரே எக்ஸ்டென்ஷன்ல மாட்டுனா ஒயர் உருகும். மண்டபத்துக்குள்ள போனதுமே 16 ஆம்ப்ஸ் பாயின்ட் எங்க இருக்குன்னு எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கேட்டுக்கோங்க, ஸ்டாண்டு காலுக்கு மணல் பையைப் போடுங்க, புள்ளைங்க ஓடுற வழியில ஒயர் போனா டேப் அடிச்சு ஒட்டிட்டு அப்புறம் கேமராவை எடுங்க.