சரளைப் பாதையை மழை எப்படி அள்ளிச் செல்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெளிக்கதவிலிருந்து வீடு வரை நூறு மீட்டர் நீளத்துக்குச் சரளைப் பாதை போட்டிருக்கிறோம். மிதமான சரிவு. பெருமழை பெய்தால் கல்லெல்லாம் அடிவாரத்தில் போய்க் குவிகிறது. பாதையில் முழங்கால் அளவுக்கு ஓடை விழுகிறது. ஆண்டுதோறும் லாரியில் புதுச் சரளை கொட்டுகிறோம். இன்னும் பெரிய கல்லாகப் போட்டால் நிற்குமா?”

நிற்காது. ஏன் நிற்காது என்பதற்குள் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

ஓடும் நீர் கல்லைத் தள்ளும் விசை, நீரின் வேகத்தின் வர்க்கத்தையும் கல்லின் முகப்பரப்பையும் பொறுத்தது. தள்ளுதலை எதிர்த்து நிற்க உதவுவது கல்லின் எடை. அது கல்லின் குறுக்களவின் முப்படியைப் பொறுத்தது. இரண்டையும் சமப்படுத்திப் பாருங்கள். வேகம் இரட்டிப்பானால், நான்கு மடங்கு குறுக்களவுள்ள கல் நகரத் தொடங்கும். நான்கு மடங்கு குறுக்களவு என்றால் 64 மடங்கு எடை! நகரும் கல்லின் எடை நீரின் வேகத்தின் ஆறாம் படியில் உயர்கிறது என்ற இந்த விதி 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. தண்ணீரோடு எடைப் போட்டி நடத்தினால் நாம்தான் தோற்போம். அதன் வேகத்தைக் குறைப்பதே கைக்கு எட்டும் வழி.

வேகம் எங்கிருந்து வருகிறது? சரிவிலிருந்தும் ஆழத்திலிருந்தும். சரிவை நம்மால் எளிதில் மாற்ற முடியாது. ஆழத்தை மாற்றலாம். ஓடும் நீர் தரையை இழுக்கும் அழுத்தத்தைக் கணிக்க ஆழத்தையும் சரிவையும் பெருக்கி, நீரின் அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் போதும். எந்த இழுப்பில் எந்த அளவுக் கல் புரளும் என்று 1936இல் பெர்லினில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் வகுத்துக் காட்டியவர் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கர். ஆறுகள், அணைகள், துறைமுகங்கள் என்று மணலும் கல்லும் நகரும் எல்லா இடங்களிலும் இன்றும் அவருடைய வரைபடத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவரோ நாடு திரும்பிய பின் நெளிவு அட்டைப்பெட்டி செய்யும் இயந்திரங்களை வடிவமைத்தே வாழ்நாளைக் கழித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கூழாங்கல் எப்போது புரளும் என்ற கேள்விக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. பாலம் விழுந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் விலை தெரிகிறது.

இப்போது வாசகரின் பாதைக்கு வருவோம். நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், சரிவு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டுகிறது. இறுகிய பாதைக்குள் நீர் அதிகம் இறங்காது. ஏறக்குறைய எல்லாமே மேலே ஓடும். 300 சதுர மீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் விழுவது 18,000 லிட்டர். அதாவது விநாடிக்கு 5 லிட்டர்.

பாதை தட்டையாக இருந்தால் இந்த நீர் எங்கே போகும்? வண்டிச் சக்கரங்கள் அழுத்திய இரண்டு தடங்களுக்குள் போகும். அடிவாரத்தை நெருங்கும்போது ஒவ்வொரு தடத்திலும் விநாடிக்கு இரண்டரை லிட்டர். ஒரு சாண் அகலம்கூட இல்லாத தடத்தில் அது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓடும். ஷீல்ட்ஸ் கணக்குப்படி இந்த ஆழமும் இந்தச் சரிவும் சேர்ந்தால் இரண்டு சென்டிமீட்டர் கல் புரண்டுவிடும். மேற்பரப்பில் நாம் போடும் பெரிய கல்லே அவ்வளவுதான். கல் புரண்டால் தடம் ஆழமாகும். தடம் ஆழமானால் பக்கத்து நீரும் அதற்குள் இறங்கும். இறங்கிய நீர் இன்னும் பெரிய கல்லைப் புரட்டும். ஒருமுறை தொடங்கிவிட்டால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சி இது. “இந்த மண்ணின் ராசி அப்படி” என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். ராசிக்கு இதில் வேலையே இல்லை.

அடுத்து, பாதையின் நடுவை ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயர்த்திவிடுவோம். நடுவிலிருந்து ஓரம் வரை ஒன்றரை மீட்டர். ஆகவே பக்கவாட்டுச் சரிவு 4 சதவீதம். இப்போது ஒரு மழைத்துளி நடுவில் விழுகிறது. கீழ்நோக்கி 8 பங்கும் பக்கவாட்டில் 4 பங்கும் அதை இழுக்கின்றன. அது இரண்டுக்கும் இடைப்பட்ட திசையில், மூலைவாட்டாக ஓடுகிறது. ஒரு மீட்டர் விலகுவதற்குள் இரண்டு மீட்டர் இறங்குகிறது. மொத்தம் மூன்றரை மீட்டர்கூட ஓடாமல் ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. நூறு மீட்டர் பயணம் மூன்று மீட்டர் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. பாதையின் ஒவ்வொரு மீட்டர் ஓரத்திலும் வெளியேறுவது விநாடிக்கு ஒரு லிட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். அந்த நீர்ப்படலம் ஒரு மில்லிமீட்டர் தடிமனைக்கூட எட்டாது. மணலை வேண்டுமானால் அது நகர்த்தும், கல்லைப் புரட்டாது.

மழையும் கல்லும் மாறவில்லை. ஆறு சென்டிமீட்டர் மேடு மட்டும் புதிது. பாதைப் பொறியியலில் இதைவிட மலிவான, இதைவிட அறிவார்ந்த உத்தி எனக்குத் தெரியாது.

அந்த உத்தியை அடிக்கடி தோற்கடிப்பது ஓரத்தில் வளரும் சிறு வரப்பு. சக்கரங்கள் உதறும் கல்லும் அதில் முளைக்கும் புல்லும் சேர்ந்து, சில ஆண்டுகளில் பாதையின் இருபுறமும் கரை கட்டிவிடும். நடுமேட்டிலிருந்து இறங்கிய நீர் அங்கே தடுக்கப்பட்டு, கரையோரமாகவே நீளவாக்கில் ஓடத் தொடங்கும். அப்போது பழைய ஓடை ஓரத்தில் மீண்டும் பிறக்கும். மண்வெட்டியால் அந்த வரப்பை வெட்டி எறிவது புதுச் சரளை ஒரு லாரி வாங்குவதைவிடப் பயன் தரும் வேலை.

பழுது பார்க்கும்போது ஓடைப் பள்ளத்தில் கல்லைக் கொட்டி மூடிவிடக் கூடாது. பள்ளத்தின் அடி இறுகிய வாய்க்காலாக அப்படியே இருக்கும். மேலே கிடக்கும் தளர்ந்த கல்லின் இடுக்குகள் வழியே நீர் அதே பாதையில் ஓடும். பள்ளத்தின் அடிமட்டம் வரை பாதை முழுவதையும் கிளறி, அடிவாரத்தில் குவிந்த கல்லைத் திரும்ப ஏற்றி, நடுமேடு வரும்படி இழுத்துவிட்டு, ஈரப்படுத்தி, உருளையால் இறுக்க வேண்டும். ஈரம் முக்கியம். துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை நெருக்கிப் பிடித்து இழுக்கிறது. காய்ந்த தூளுக்கு அந்தப் பிடி கிடையாது. ஊறிச் சேறானாலும் பிடி போய்விடும்.

கல்லைப் பொறுத்தவரை உடைத்த ஜல்லியே நல்லது. அதன் முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, ஆனால் உருண்டுவிடும். ஒரே அளவுக் கல்லாகவும் இருக்கக் கூடாது. இரண்டு சென்டிமீட்டரிலிருந்து தூள் வரை எல்லா அளவும் கலந்திருக்க வேண்டும். சிறியவை பெரியவற்றின் இடுக்கை நிரப்பும். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் மிக நுண்ணிய தூள், சற்றே களிமண் தன்மையோடு, எல்லாவற்றையும் பிணைக்கும். தூள் நீக்கிக் கழுவிய கல்லை மேற்பரப்புக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மேலேயுள்ள நிலத்திலிருந்தோ கூரையிலிருந்தோ பாதைக்கு வெளிநீர் வந்தால் கணக்கே மாறிவிடும். அதைப் பாதைக்கு வருமுன்பே வடிகாலில் பிடிக்க வேண்டும். வடிகால் அகலமாகவும் ஆழமின்றியும் புல் வளர்ந்தும் இருந்தால் நீர் நிதானமாகப் போகும். பாதைக்கு அடியில் குழாய் இருந்தால், மழைக்காலத்துக்கு முன் அதன் வாயில் அடைந்த சருகை அகற்றுங்கள். அடைத்த குழாய் வடிகால் நீரை மொத்தமாகப் பாதையின் மேலேயே ஏற்றிவிடும்.

சரிவு கூடக் கூட நடுமேட்டின் பலம் குறைகிறது. 12 சதவீதச் சரிவில் துளி ஒரு மீட்டர் விலக மூன்று மீட்டர் இறங்கியாக வேண்டும். அதற்குள் ஒரு சக்கரத் தடம் குறுக்கிட்டால் அதற்குள் விழுந்துவிடும். அத்தகைய இடங்களில் பாதையின் குறுக்கே, சாய்வாக, வண்டி ஏறி இறங்கும் அளவுக்கு நீளமும் மென்மையும் கொண்ட தாழ்வுகளை அமைத்து நீரை வெளியே திருப்பலாம். சரிவு 15 சதவீதத்தைத் தாண்டும் துண்டில் மழைக்கு முன்பே சக்கரங்கள் கல்லை உதறிவிடும். அந்தத் துண்டுக்கு மட்டும் கான்கிரீட் போட்டுவிடுங்கள். அதன் மேல்முனையில் நீரைத் திருப்ப ஒரு தாழ்வும், கீழே நீர் வடிகாலுக்குள் குதிக்கும் இடத்தில் பெரிய கற்களும் இருக்கட்டும்.