மூவொருமையை மும்மூர்த்தி ஆக்காதீர்கள்

கிறித்தவம் பற்றித் தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளில், ஆங்கிலத்தில் 'டிரினிட்டி' (Trinity) எனப்படும் மூவொருமைக்கு 'கிறித்தவ மும்மூர்த்திகள்' என்ற தொடர் ஓயாமல் தலைகாட்டுகிறது. தந்தை, மகன், தூய ஆவி என்று மூவரைக் கண்டதும் மும்மூர்த்தி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இது சிறு பிழை அன்று. திருச்சபை எதை வாதாடி மறுத்ததோ, அதையே அதன் கொள்கையாகக் காட்டும் பிழை.

சொல் வரலாறு சிறியது. விவிலியத்தில் 'டிரினிட்டி' என்ற சொல் இல்லை. கி.பி. 180 வாக்கில் அந்தியோக்கியாவின் ஆயர் தெயோபிலு கிரேக்கத்தில் 'திரியாஸ்' என்றார். பின்னர் கார்த்தேஜின் இறையியலார் தெர்த்துல்லியன் இலத்தீனில் 'திரினித்தாஸ்' என்றார். நிசேயாவில் 325இலும் கான்ஸ்டான்டிநோபிளில் 381இலும் கூடிய திருச்சபைச் சங்கங்களை ஒட்டிக் கொள்கை உறுதிபெற்றது: கடவுள் ஒருவரே, உள்பொருள் ஒன்றே, ஆட்கள் மூவர்.

இனி மும்மூர்த்திக்கு வருவோம். உறைதல், திடமாதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரில் பிறந்தது மூர்த்தி. உருவம் கொண்டதே மூர்த்தி. கிறித்தவ நம்பிக்கையில் மனித உடல் எடுத்தவர் மகன் மட்டுமே. தந்தைக்கும் ஆவிக்கும் உருவம் கிடையாது. பிறகு மூன்று மூர்த்திகள் எங்கிருந்து வந்தார்கள்? அடுத்து, மும்மூர்த்தி என்றதும் தமிழர் மனத்தில் எழுவது தொழில் பகுப்பு: படைத்தல் ஒருவருக்கு, காத்தல் ஒருவருக்கு, அழித்தல் ஒருவருக்கு. கிறித்தவ இறையியலிலோ படைப்பு மூவருக்கும் பொது. மகன் வழியாகவே அனைத்தும் உண்டாயின என்கிறது யோவான் நற்செய்தி. ஆவியை 'உயிர் அளிப்பவர்' என்கிறது நம்பிக்கை அறிக்கை. அழிப்பதற்கென்று தனியே ஒருவர் இங்கே இல்லவே இல்லை. இந்தச் சொல்லாட்சியால் சைவ, வைணவ மரபில் ஆழ்ந்த பொருளுடைய ஒரு சொல்லும் வெறும் 'மூன்று சாமி' ஆகிவிடுகிறது. இரு சமயத்துக்கும் கேடு.

'ஒரே பரம்பொருளின் மூன்று வடிவங்கள் என்ற பொருளில்தான் எழுதினோம்' என்று சிலர் வாதிடுவார்கள். அது இன்னும் மோசம். ஒரே கடவுள் மூன்று வேடங்களில் தோன்றுகிறார் என்பது மூன்றாம் நூற்றாண்டில் சபேலியுவின் பெயரால் அறியப்பட்ட போதனை. திருச்சபை அதைத் தள்ளிவிட்டது. நீர், பனிக்கட்டி, நீராவி என்று விளக்குவோர் விழுவதும் இதே குழியில்தான். மகனும் தந்தையும் ஒருவரின் இரு வடிவங்கள் என்றால், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு யாரை நோக்கி மன்றாடினார்?

அப்படியானால் டிரினிட்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது? திரித்துவம் என்பது நெடுங்காலமாகச் சபைகளில் வழங்கும் சொல். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மும்மையை மட்டுமே சொல்கிறது, ஒருமையைச் சொல்லாமல் விடுகிறது. இலத்தீன் சொல்லும் அப்படித்தானே என்று கேட்கலாம். அந்தக் குறையையும் சேர்த்தே இறக்குமதி செய்யவேண்டிய கட்டாயம் தமிழுக்கு இல்லை. மூன்றையும் (திரி) ஒன்றையும் (ஏகம்) சேர்த்த 'திரியேகம்' அந்தக் குறையைத் தீர்க்கிறது, ஆனால் வடமொழி அறியாதவருக்குப் பொருள் விளங்காது.

கத்தோலிக்கர் வழங்கும் 'மூவொரு கடவுள்' என்ற தொடரிலேயே விடை இருக்கிறது. மூவர் ஒருவராய் இருப்பது மூவொருமை. மும்மையும் ஒருமையும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே சொல்லில் நிற்கின்றன. பள்ளிச் சிறுவருக்கும் புரியும். மூவொருமைக் கொள்கை, மூவொருமை மறுப்பு என்று தடையின்றிக் கிளைக்கவும் செய்கிறது.

இதோடு இன்னொன்றையும் திருத்தவேண்டும். 'ஆட்கள்' என்று வரவேண்டிய இடத்தில் 'மூன்று நபர்கள்' என்று எழுதுகிறார்கள். நபர் அரபியிலிருந்து வந்த சொல், தலையெண்ணிக்கைக்குப் பயன்படுவது. 'மூன்று நபர்கள்' என்றால் தனித்தனியாக மூன்று மனிதர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இறையியலில் 'ஆள்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டுவோர், தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் வழிபாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.