ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வீட்டு டெஸ்க்டாப் ஒரு நாள் காலையில் கிளம்பவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரத் தம்பி மூடியைக் கழற்றி, ரேமை (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) உருவி, பென்சில் ரப்பரால் நாலு தேய் தேய்த்துத் திரும்பச் செருகினாராம். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. முந்நூறு ரூபாய். “அந்த ரப்பரில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று கேட்கிறார்.

ரப்பரில் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு அதைவிட வேறொரு கேள்விதான் பிடித்திருக்கிறது. ரேமின் ஒரு முனையில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்ததற்கு இவ்வளவு பெரிய இயந்திரம் ஏன் ஊமையாக வேண்டும்? “ரேம் சரியில்லை, பார்த்துக்கொள்” என்று திரையில் ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

முதலில் சாதாரண விஷயங்களை முடித்துவிடுவோம். பட்டனை அழுத்தியும் துளிச் சத்தம் இல்லை என்றால் சந்தேகம் மின்சாரத்தின் மேல். சுவர் சுவிட்ச், யுபிஎஸ், கேபினெட்டின் பின்பக்கம் இருக்கும் குட்டி சுவிட்ச் (வீடு கூட்டும்போது தட்டுப்படுவது), அதற்கப்புறம்தான் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). லோகோ வந்து, “பூட் டிவைஸ் இல்லை” என்று சொல்லி நின்றால் ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ பாருங்கள். சிபியுவும் (கட்டளைகளை நிறைவேற்றும் தலைமைச் சிப்) ரேமும் பிழைத்துக்கொண்டன என்று அர்த்தம். தேதியும் நேரமும் பல வருடம் பின்னால் போய்விட்டால் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை) உள்ள காசு வடிவ 3 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

மிச்சம் இருப்பது வாசகரின் நோய். ஃபேன் சுற்றும், படம் வராது. ஃபேன் சுற்றுவதை உயிர் இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 12 வோல்ட் வருகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

பட்டனை அழுத்தியவுடன் சிபியு ஓட ஆரம்பிப்பதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தடித்த 24 முனைக் கொத்தில் ஊதா நிற ஒயர் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் அதில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரைத் தரையோடு இணைக்கிறது. அதுதான் எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும் சைகை. 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் ஆட்டம் அடங்கி நிலைபெற்றபின், சாம்பல் நிற ஒயரில் “மின்சாரம் சரி” என்ற செய்தி போகும். இதற்கு 100 முதல் 500 மில்லிநொடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதுவரை சிபியு ரீசெட்டிலேயே கட்டிப்போடப்பட்டிருக்கும். (புதிய சப்ளைகள் பலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வருகின்றன. பார்க்க அழகுதான், பழுது பார்ப்பவருக்குத் தலைவலி.)

கட்டவிழ்ந்த சிபியுவுக்கு ஒன்றுமே தெரியாது. எவ்வளவு ரேம் இருக்கிறது, ரேம் இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. அதற்குப் பிறவியிலேயே தெரிந்தது ஒரே ஒரு முகவரி. இன்டெல் வழிவந்த 32 பிட் சிபியுக்கள் 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள முகவரிக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் கட்டளையைப் படிக்கும். இந்தப் பழக்கம் 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலிருந்து தொடர்கிறது. அந்தப் பிசியின் 8088 சிபியு 1 எம்பிக்கு 16 பைட் கீழே பார்த்தது. 16 பைட்டில் என்ன எழுத முடியும்? “உண்மையான நிரல் அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே தாவு” என்று ஒரு வரி எழுதலாம். அவ்வளவுதான் எழுதியும் இருக்கும். அந்த முகவரியின் மறுமுனையில் ரேம் கிடையாது, மதர்போர்டில் ஒட்டியிருக்கும், மின்சாரம் போனாலும் எழுதியது அழியாத சின்ன ஃபிளாஷ் சிப்தான் இருக்கிறது. நாம் பயாஸ் என்று சொல்வது அதற்குள் குடியிருக்கும் நிரலைத்தான்.

இங்கேதான் சிக்கல். ரேமை இயக்கும் நிரல் பயாஸில் இருக்கிறது. ஆனால் எந்த நிரலுக்கும் இடைக்கணக்கு எழுதி வைக்க ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். ஃபிளாஷ் சிப்பைப் படிக்கலாம், நினைத்தபோதெல்லாம் அதில் கிறுக்க முடியாது. ரேமை எழுப்ப நிரல் வேண்டும், நிரல் ஓட ரேம் வேண்டும்!

இதைத் தாண்டிய விதம் எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தரும். 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிச் பயாஸுக்கு மாற்றாக ‘லினக்ஸ்பயாஸ்’ என்ற திறந்த மூலத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னால் அது ‘கோர்பூட்’ என்று பெயர் மாறியது. அந்தக் குழுவினர் ரேமே தொடாத நிரல் எழுதுவதற்கென்று தனிக் கம்பைலர் (நிரலைச் சிபியுவின் மொழிக்கு மாற்றும் கருவி) ஒன்றைச் செய்தார்கள். எல்லா இடைக்கணக்கையும் சிபியுவுக்குள் இருக்கும் ரிஜிஸ்டர் என்ற ஒரு கையளவு குட்டி அறைகளிலேயே சுழற்றிச் சுழற்றி வைத்துக்கொள்ளும். மாவு பிசைய அண்டா இல்லாமல் உள்ளங்கையிலேயே பிசைந்த கதை.

அப்புறம் இன்னும் நல்ல தந்திரம் ஒன்று கைக்கு வந்தது. சிபியுவுக்குள் கேச் என்ற சிறு நினைவகம் உண்டு. ரேமில் இருப்பவற்றின் நகலை வைத்துக்கொள்வதற்கு மட்டுமே அது ஏற்பட்டது. அசலே இல்லாதபோது நகலுக்கு என்ன வேலை? ஆனால் சில அமைப்புகளை மாற்றி, “இதில் எழுதியதை வெளியே அனுப்பாதே, உள்ளேயே வைத்திரு” என்று சொல்லிவிட்டால் கேச் அப்படியே கேட்டுக்கொள்கிறது. கிடங்குச் சாவி இன்னும் வரவில்லை, கணக்குப்பிள்ளை சில்லறையைச் சட்டைப்பையில் போட்டு வியாபாரத்தை ஓட்டுகிறார். இன்டெல் பிசிக்கள் எழும் முதல் கணங்கள் இப்படித்தான் கழிகின்றன. ஏஎம்டியின் ரைசன் வேறு வழி பிடித்தது. சிப்புக்குள்ளேயே ஒரு குட்டிச் செயலி முதலில் விழித்து ரேமைத் தயார் செய்துவிட்டு, பிறகுதான் பெரியவரை எழுப்புகிறது.

சட்டைப்பையை வைத்துக்கொண்டு பயாஸ் முதலில் ரேமின் ஜாதகத்தைப் படிக்கிறது. ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் தன் கொள்ளளவு, வேகம், தாமதங்கள் எல்லாம் எழுதிய ஒரு பொடிச் சிப் உண்டு. டிடிஆர்4 என்ற தலைமுறை ரேமில் அதன் அளவு 512 பைட். ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது, பழகியும் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் வேகம்.

டிடிஆர்4இல் 3200 என்று போட்டிருந்தால் ஒரு ஒயரில் நொடிக்கு 320 கோடி பிட் போகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 312.5 பிகோநொடி (ஒரு பிகோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). மதர்போர்டின் செம்புத் தடத்தில் சிக்னல் ஏறக்குறைய ஒளியின் பாதி வேகத்தில், அதாவது ஒரு நானோநொடிக்கு (1000 பிகோநொடி) 15 செ.மீ. ஓடும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு பிட்டின் நீளம் 5 செ.மீட்டருக்கும் குறைவு! டிடிஆர்5இல் 6000 வகைக்கு இரண்டரை செ.மீ.தான். சிபியுவிலிருந்து ரேமுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரே தடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிட்டுகள் வால் பிடித்து வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்.

இப்படி 64 தடங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரிலிருந்து கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர் மாதிரி. யார் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் முகூர்த்த நேரத்தில் எல்லாரும் மண்டபத்தில் இருந்தாக வேண்டும். மூடியைத் திறந்தால் சிபியுவுக்கும் ரேமுக்கும் நடுவே சில தடங்கள் பாம்புபோல நெளிந்து போவதைப் பார்க்கலாம். அழகுக்காகச் செய்ததில்லை. கிட்டே இருக்கும் சொந்தக்காரரைச் சுற்றுவழியில் அனுப்பி நேரத்தைச் சமன் செய்கிறார்கள். அதுவும் போதாது. சிப்புக்குச் சிப் சின்ன வித்தியாசம், ஸ்லாட்டின் பிடிப்பு, அன்றைய வெப்பம் எல்லாம் பிகோநொடிக் கணக்கில் விளையாடும்.

அதனால் பயாஸ் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறது. தெரிந்த ஒரு வடிவத்தை எழுதுகிறது, படித்துப் பார்க்கிறது. தப்பு. தாமதத்தை ஒரு படி தள்ளி மறுபடி எழுதுகிறது. தப்பு. இன்னொரு படி. சரி! அதற்காக அங்கேயே நின்றுவிடுவதில்லை. மறுபடி தப்பாகும்வரை தள்ளிக்கொண்டே போய், இரண்டு விளிம்பையும் கண்டுபிடித்து, நடுவில் வந்து நிற்கிறது. எத்தனை வோல்ட்டுக்கு மேல் ‘1’ என்று எடுத்துக்கொள்வது என்பதையும் இதேபோல் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறது. மெமரி டிரெய்னிங் என்று இதற்குப் பெயர். கிடைத்த எண்களைச் சேமித்து வைத்துக்கொள்வதால் பெரும்பாலும் மறுநாள் சீக்கிரம் முடிந்துவிடும்.

இப்போது நம் ஊமைக்கு வருவோம். திரையில் ஒரு எழுத்து காட்ட வேண்டுமென்றால் சுருக்கி வைத்திருக்கும் பயாஸின் மற்ற பகுதிகளை ரேமில் விரிக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு தனியாக இல்லாத மெஷினில் திரையில் தெரியும் படமே ரேமின் ஒரு மூலையில்தான் வரையப்படுகிறது. ரேம் தேறும்வரை பயாஸால் முடிந்ததெல்லாம் ஒரு சின்ன ஸ்பீக்கரை ‘பீப்’ என்று கத்த வைப்பது, அல்லது ஒரு எல்ஈடியை எரிய விடுவது. இப்போதெல்லாம் ஸ்பீக்கரைப் பெட்டியில் வைத்துக் கொடுப்பதுகூட இல்லை. பத்து இருபது ரூபாய்ச் சாமானில் இந்தக் கஞ்சத்தனம் எதற்கோ!

போன வருடம் அக்கா மகனுக்கு டிடிஆர்5 போட்டு ஒரு மெஷின் பூட்டிக்கொடுத்தேன். பட்டனை அழுத்தினோம். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. ஒரு நிமிடம் பொறுத்தவன், “செத்துப்போச்சு மாமா” என்று சொல்லி ஆஃப் செய்துவிட்டான். மறுபடி ஆன், மறுபடி ஆஃப். ஒவ்வொரு முறையும் பாவம் அது முதலிலிருந்து பாடத்தை ஆரம்பித்தது. நாலாவது முறை அவன் கையைப் பிடித்துக்கொண்டு மதர்போர்டைக் காட்டினேன். ‘டிராம்’ (ரேமைத்தான் சொல்கிறது) என்று எழுதிய எல்ஈடி எரிந்துகொண்டிருந்தது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தோம், லோகோ நின்றுகொண்டிருந்தது. டிடிஆர்5 மெஷின் முதல் தடவை சில நிமிடம் எடுத்துக்கொள்வது சகஜம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே கதைதான்.

இந்த டிரெய்னிங் நிரல்களைப் பெரும்பாலும் சிப் நிறுவனங்கள் மூடி முத்திரையிட்டே தருகின்றன. ஐஐடி மெட்ராஸில் ‘சக்தி’ என்ற செயலியை வடிவமைத்து, 2018இல் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டியும் காட்டினார்கள். அதற்கு அரசு கொடுத்த பணத்தில் எனக்கு முழுத் திருப்தி. சிப்புக்கு ஒதுக்குகிறபோது, அதை எழுப்பும் இந்த முதல் நொடி நிரலுக்கும் நாலு பேரை வைத்துச் சம்பளம் கொடுங்கள் என்பது என் கட்சி. திறப்பு விழாவில் காட்ட ஒன்றும் இருக்காது, அதுதான் கஷ்டம்.

சரி, ரப்பர். ரேம் முனைகளில் தங்க முலாம் உண்டு. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் முலாம் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. மேலே தூசியும் விரல் எண்ணெயும் படிகின்றன. தினமும் சூடாகி ஆறும்போது முனைகள் ஸ்லாட்டுக்குள் நூலிழை நகர்ந்து, உரசி, தொடர்பு கெடுகிறது. 288 முனைகளில் ஒரு தரவு முனை சரியாகத் தொடாவிட்டாலும் 64 பேரில் ஒருவர் முகூர்த்தத்துக்கு வரவில்லை, டிரெய்னிங் ஃபெயில். தம்பி ரேமை உருவித் திரும்பச் செருகினாரே, அப்போதே ஸ்லாட்டின் கம்பிகள் முனையைச் சுரண்டிப் பாதி வேலையை முடித்திருக்கும். ரப்பர் மிச்ச அழுக்கை எடுத்தது, கூடவே கொஞ்சம் தங்கத்தையும். கரடுமுரடான மை ரப்பர் கூடவே கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட துணி நல்லது. ஆயுத பூஜைக்குக் கேபினெட்டில் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. விபூதியை மட்டும் ஃபேன் பக்கம் தூவாதீர்கள், அது நேராக இந்த ஸ்லாட்டுகளுக்குத்தான் போகிறது.

மறுபடி இப்படி ஆனால் கடைக்குத் தூக்கும் முன்பு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். ரேம்களைக் கழற்றி ஒன்றை மட்டும் செருகுங்கள். நாலு ஸ்லாட் இருக்கும் போர்டில் பெரும்பாலும் சிபியுவிலிருந்து இரண்டாவது. ‘டக்’ என்று தாழ் விழும் சத்தம் கேட்க வேண்டும். ஆன் செய்துவிட்டு, பழைய மெஷின் என்றால் ஒரு நிமிடம், டிடிஆர்5 என்றால் பத்து நிமிடம் பட்டனைத் தொடாமல் இருங்கள்.