பழைய கார் ஸ்டீரியோவுக்குள் போன் பாட்டு நுழைவது எப்படி?

கேசட்டோ சிடியோ மட்டும் பாடும் ஸ்டீரியோவோடு வந்த கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. போனில் உள்ள பாட்டு அதில் வராது என்பதற்காகவே நன்றாக வேலை செய்யும் செட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். செட்டுக்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. ரேடியோ, கேசட் போன்ற ஒலிமூலம் ஒன்று. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி ஒன்று. கடைசியில் ஸ்பீக்கரை அதிர வைக்கும் ஆம்ப்ளிஃபையர். காலாவதியானது முதல் பகுதி மட்டும்தான். அந்த இடத்தில் போனை எந்த வழியாகக் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பாட்டு எப்படிக் கேட்கும் என்பது அமையும்.

பலரும் முதலில் வாங்குவது சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். போனிடமிருந்து ப்ளூடூத் வழியாகப் பாட்டை வாங்கி, ஒரு குட்டி வானொலி நிலையமாக அதை மறுபடி ஒலிபரப்புகிறது. எஃப்எம் ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு: ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால், வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். காலியான அலைவரிசை கிடைத்தால் இது நமக்குச் சாதகம். ஆனால் சென்னையில் காலியாக இருந்த இடத்தில் திருச்சியை நெருங்கும்போது ஒரு நிலையம் இருக்கலாம். இரண்டும் சம வலுவில் மோதும் அந்தச் சில கிலோமீட்டர் தூரம் காதுக்கு வேதனை. தவிர, ஸ்டீரியோ எஃப்எம்மில் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி சமிக்ஞை ஓடுகிறது. அதற்கு இடம்விட்டு, பாட்டின் மேல்சுருதிகள் 15 கிலோஹெர்ட்ஸோடு வெட்டப்படுகின்றன.

இலங்கையில் ஓடும் பழைய ஜப்பான் இறக்குமதிக் கார்களில் இன்னொரு சிக்கலும் சேரும். ஜப்பானுக்கென்று செய்த ரேடியோக்களில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அங்கே டிரான்ஸ்மிட்டரை 87.5க்கும் 90க்கும் இடையில் வைத்தால்தான் செட்டுக்கு எட்டும்.

கேசட் அடாப்டர், அதாவது போனில் செருகும் ஒயரோடு வரும் கேசட் வடிவ டப்பா, இதைவிட எவ்வளவோ மேல். பலர் இதை மறந்தே போய்விட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். கேசட் பாடும்போது நடப்பது இதுதான்: டேப்பில் காந்தமாகப் பதிந்திருக்கும் ஒலி, அதைப் படிக்கும் ஹெட்டின் முன்னால் நகர்கிறது, மாறும் காந்தப்புலம் ஹெட்டின் சுருளில் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஹெட்டுக்குத் தேவை மாறும் காந்தப்புலமே தவிர டேப் அல்ல. அடாப்டருக்குள் சரியாக அந்த இடத்தில் இன்னொரு ஹெட் இருக்கிறது. போனிலிருந்து வரும் மின்னோட்டம் அதில் ஓடி, டேப் உண்டாக்கும் அதே காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பற்சக்கரங்கள் சுற்றுவது வேறு காரணத்துக்கு: சக்கரம் நின்றால் டேப் முடிந்துவிட்டது என்று செட் முடிவுகட்டி, நிறுத்திவிடும் அல்லது மறுபக்கம் திருப்பிவிடும். அடாப்டர் போட்டதும் செட்டில் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். டேப் இரைச்சலைக் குறைக்க வந்த அந்த வசதி, இங்கே பாட்டின் மேல்சுருதியைத்தான் குறைக்கும்.

நேர் வழி என்றால் ஆக்ஸ்தான், அதாவது போனை ஒயரால் நேராக இணைக்கும் துளை. வெட்டு, காந்தம், ஒலிபரப்பு எதுவும் இல்லை; போனின் ஒலி நேராக வால்யூம் பகுதிக்குப் போகிறது. முன்பக்கம் ஆக்ஸ் துளை இல்லாத செட்டிலும் பின்பக்கம் சிடி சேஞ்சருக்கான (பல சிடிகளை மாற்றி மாற்றிப் போடும் தனிப் பெட்டிக்கான) கப்ளர், அதாவது ஒயர் செருகும் இணைப்பு, இருக்கலாம். ஆனால் அதில் சும்மா ஒயரைச் செருகினால் ஒன்றும் வராது. பல செட்டுகள், சேஞ்சர் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் கிடைத்தால்தான் அந்த வழியைத் திறக்கும். அந்தப் பதிலைச் சொல்வதற்கென்றே தனி அடாப்டர்கள் விற்கிறார்கள்.

ஆக்ஸ் போட்டவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு நாள் சந்திப்பது அந்தக் கீச்சொலி. போனை சார்ஜில் போட்டதும் ‘ஙீ...’ என்று ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும். காரணம் எஞ்சினோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். அது உண்டாக்கும் மாறுமின்சாரத்தை டையோடுகள் நேர்மின்சாரமாக்கும்போது சிறு அலைகள் மிச்சமாகின்றன. பரவலாக இருக்கும் 12 துருவ ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 அலைகள். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 முறை சுற்றினால் வினாடிக்கு 1200 அலைகள். காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி.

சரி, அது ஸ்பீக்கருக்கு ஏன் வருகிறது? சார்ஜர் ஓரிடத்தில் காரின் பாடியோடு எர்த் ஆகிறது, ஸ்டீரியோ வேறொரு இடத்தில். இரண்டு இடங்களுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். சார்ஜர், போன், ஆக்ஸ் ஒயர், செட் என்று ஒரு வளையம் உருவானதும் அந்த வித்தியாசம் ஆக்ஸின் எர்த் கம்பி வழியாக மின்னோட்டமாக ஓடி, பாட்டோடு கலந்துவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நிற்கும். சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை அதுதான். தீர்வு, ஆக்ஸ் ஒயரின் நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற பெயரில் கிடைக்கிறது. ஒலியை அது காந்தமாகக் கடத்தும், எர்த்தைத் துண்டித்துவிடும். கேசட் அடாப்டரில் இந்தத் தொல்லை பொதுவாக வராததற்கும் இதுவே காரணம்: அங்கே போனுக்கும் செட்டுக்கும் நடுவில் ஒயர் தொடர்பே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் புது ப்ளூடூத் செட்தான் வேண்டும் என்றால் தாராளமாக மாற்றலாம். 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்ற ஒற்றை டின் (DIN) அளவு பொது அளவு என்பதால் பல பழைய கார்களில் அப்படியே உட்காரும். மஞ்சள் ஒயர் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால், சாவியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் செட் எல்லாவற்றையும் மறந்துபோகும். பெட்டியில் எழுதியிருக்கும் ‘50 வாட் × 4’ஐ நம்பி வாங்காதீர்கள். 14.4 வோல்ட்டை முழுதாக 4 ஓம் ஸ்பீக்கரில் சதுர அலையாகக் கொடுத்தால் வரும் கணக்கு அது. பாட்டுக்கு உண்மையில் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான்.

அந்த 20 வாட்டுக்கே ஒரு விலை இருக்கிறது. பழைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும்தான் ஆம்ப்ளிஃபையர் ஆட்டும், மறுமுனை எர்த். அதில் 6 வாட் போலத்தான் கிடைக்கும். புதிய செட்டுகள் இரு முனைகளையும் எதிரெதிராக ஆட்டி, மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கி, நான்கு மடங்குத் திறனை எடுக்கின்றன. பழைய கார் சிலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரைக் கதவிலேயே பாடியோடு முடுக்கியிருப்பார்கள். அதன்மேல் புது செட்டைப் பொருத்தினால், பாதி ஆம்ப்ளிஃபையர் நேராக எர்த்தில் ஷார்ட் ஆகும். பாதுகாப்புச் சுற்று கைகொடுக்காவிட்டால் செட் போய்விடும். எனவே பழைய செட்டைக் கழற்றியதும், கப்ளரில் ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த ஸ்பீக்கருக்குப் புதிதாக இரண்டு ஒயர் இழுத்த பிறகே புது செட்டை மாட்ட வேண்டும்.