கேனான் ஆர்50-ஆ, சோனி இசட்வி-ஈ10-ஆ: முன்பணம் கட்டும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

கல்யாண சீசன் நெருங்கினாலே என் போனுக்கு ஒரே மாதிரி படங்கள் வர ஆரம்பித்துவிடும். இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்குப் பச்சை டிக், இன்னொன்றுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட அட்டவணை. கீழே ஒரே ஒரு வரி: "அண்ணா, ரெண்டுல எது பெஸ்ட்?" என்ன எடுக்கப் போகிறார், எங்கே நின்று எடுக்கப் போகிறார், கையில் பழைய லென்ஸ் ஏதாவது இருக்கிறதா, ஒரு விவரமும் இருக்காது. கல்யாண போட்டோ எடுப்பதும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் தொழில். அதனால் இந்தக் கேள்வியிலிருந்து எனக்குத் தப்பிக்க வழியில்லை.

போன வாரம் ஒரு தம்பி வாங்கி முடித்துவிட்டு வந்தார். அம்மாவின் வளையலை அடகு வைத்து முன்பணம், மீதிக்கு இஎம்ஐ. முதல் ஆர்டரே சொந்தக்காரர் வீட்டு முகூர்த்தம். மண்டபத்துக்குள் எடுத்த படங்கள் முழுக்க நாய்ஸ், அதாவது மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக, முகத்தில் தெளிவே இல்லை. "தப்பான கேமராவை வாங்கிட்டேன் அண்ணா, அந்த இன்னொண்ணை வாங்கியிருக்கணும். நஷ்டமானாலும் பரவாயில்லை, இதை வித்துடவா?" என்று கேட்கிறார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. படங்களைத் திறந்து பார்த்தேன். ஐஎஸ்ஓ, அதாவது இருட்டில் படத்தைப் பிரகாசமாக்கக் கேமரா கூட்டிக்கொள்ளும் எண், 12800-இல் நிற்கிறது. அது ஏற ஏற நாய்ஸும் ஏறும். மாட்டியிருந்தது பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) பெட்டியிலேயே வந்த கிட் லென்ஸ். அந்த 'இன்னொண்ணை' வாங்கியிருந்தாலும் அதன் கிட் லென்ஸோடு அவருக்கு இதே படங்கள்தான் கிடைத்திருக்கும். இந்த வருஷம் இதே புலம்பலோடு வந்த முதல் ஆள் இவர் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதிகம் கேட்கப்படும் ஜோடியையே எடுத்துக்கொள்வோம். சோனி இசட்வி-ஈ10 2021-இல் வந்தது. கேனான் ஆர்50 2023-இல் வந்தது. இரண்டிலும் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு, இரண்டுமே 24.2 மெகாபிக்சல். பேட்டரி, கார்டு போட்ட பிறகு சோனி 343 கிராம், கேனான் 375 கிராம். இரண்டிலும் ஃபோகஸ் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. இரண்டிலும் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன், அதாவது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, கிடையாது. இரண்டிலும் ஒரே ஒரு கார்டு ஸ்லாட். நல்ல வெளிச்சத்தில் இரண்டிலும் எடுத்த படங்களைக் கலந்து என்னிடம் கொடுத்தால், எது எதில் எடுத்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: "போனிலேயே 200 மெகாபிக்சல் வருதே, இதில் 24 தானா?" இதற்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் இன்னொரு முறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் என்றால் அகலத்தில் 6000 புள்ளி, உயரத்தில் 4000 புள்ளி. நம் ஊரில் அடிக்கும் பெரிய ஆல்பம் 12க்கு 36. விரித்தால் 36 அங்குலம், ஒரு பக்கம் 18 அங்குலம். ஒரு படத்தை முழுப் பக்கத்துக்கு வைத்தாலும் அங்குலத்துக்கு 333 புள்ளி கிடைக்கிறது. நல்ல அச்சுக்கு 300 போதும். 4கே டிவி இருக்கிறதே, அதன் மொத்தத் திரையே 83 லட்சம் புள்ளிதான், அதாவது எட்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதைவிடவும் சுருங்கிவிடும். மீதி மெகாபிக்சலை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறீர்கள்? அந்த 200 மெகாபிக்சல் போன்களும் சாதாரணமாக எடுக்கும்போது பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கின்றன. காரணம் வெளிச்சம். அந்தச் சின்ன சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் வெளிச்சம் அவ்வளவு குறைவு. ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பரப்புக்கு. புள்ளிகளின் எண்ணிக்கைக்கு இல்லை. அட்டவணையின் முதல் வரியில் மெகாபிக்சலைப் போடுகிறவர்களிடமும் இதையே சொல்லுங்கள்.

சரி, அந்தத் தம்பியின் படங்களுக்கு வருவோம். கிட் லென்ஸை ஜூம் செய்தால் வெளிச்சம் நுழையும் துளை எஃப் 5.6-க்கோ 6.3-க்கோ சுருங்கிவிடும். எஃப் எண் கூடினால் துளை சின்னது என்று அர்த்தம். சோனியோடு வரும் 16-50 மிமீ, 5.6. கேனானோடு வரும் 18-45 மிமீ, 6.3. எஃப் 2.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் 5.6-ஐப் போல நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். எஃப் 1.8 என்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. 1.4 என்றால் பதினாறு மடங்கு. 12800-இல் நின்ற ஐஎஸ்ஓ, அதே மண்டபத்தில், அதே ஷட்டர் வேகத்தில், 2.8 லென்ஸில் 3200-க்கும் 1.4 லென்ஸில் 800-க்கும் இறங்கிவிடும். பாடியை மாற்றினால் இதில் கால்வாசி வித்தியாசம்கூட வராது. கேமராவை விற்க வேண்டாம் தம்பி, ஒரு லென்ஸ் வாங்கு, அதுவரை வாடகைக்கு எடு என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே ஒப்பிட வேண்டியது பாடிகளை இல்லை, அவற்றில் மாட்டப்போகும் லென்ஸ்களை. சோனியின் ஈ மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) 2010-இலிருந்து இருக்கிறது. சிக்மாவின் 16, 30, 56 மிமீ எஃப் 1.4 லென்ஸ்கள் அதற்குப் பல வருஷமாகக் கிடைக்கின்றன, செகண்ட் ஹேண்டிலும் சுற்றுகின்றன. கேனானின் ஆர்எஃப் மவுண்ட் 2018-இல்தான் வந்தது. அதன் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் கொண்டுவரப்போவதாக சிக்மாவும் டாம்ரானும் அறிவித்ததே 2024 ஏப்ரலில்தான். இப்போது சிக்மா 18-50 மிமீ எஃப் 2.8 இரண்டு மவுண்ட்டுக்கும் இருக்கிறது. ஆனால் பழைய லென்ஸ் சந்தையில் சோனிக்கே தேர்வு அதிகம்.

இதற்கு நேர் எதிரான ஒரு கணக்கும் உண்டு. உங்கள் வீட்டிலோ, அண்ணன் ஸ்டுடியோவிலோ பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள், ஒரு 50 மிமீ 1.8, ஒரு 55-250 கிடக்கிறதா? கேனானின் அடாப்டர் ஒன்றை வாங்கினால் அவை ஆர்50-இல் ஆட்டோஃபோகஸோடு அருமையாக வேலை செய்யும். அப்படி லென்ஸ் வைத்திருப்பவர் அட்டவணையைப் பார்த்துச் சோனிக்குப் போனால் எனக்கு மனசே ஆறாது.

அட்டவணைகள் சொல்லாத, ஆனால் வேலையில் கழுத்தைப் பிடிக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன. இசட்வி-ஈ10-இல் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல், கிடையாது. உச்சி வெயிலில் வெளிப்புறப் படப்பிடிப்பில் திரையில் ஒன்றும் தெரியாது, உத்தேசமாக எடுக்க வேண்டியதுதான். ஆர்50-இல் வியூஃபைண்டர் உண்டு, சின்னதாக ஒரு பிளாஷும் உண்டு. ஆனால் ஆர்50-இல் ஹெட்போன் மாட்டும் துளை இல்லை, சோனியில் இருக்கிறது. பேட்டி எடுக்கிறவருக்கு மைக் வேலை செய்கிறதா என்று காதால் கேட்பதுதான் உயிர். ஆர்50 ஒரு கிளிப்பை ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடும். சோனியில் அந்த வரம்பு இல்லை, பேட்டரியும் சூடும்தான் வரம்பு. சோனியில் நடந்துகொண்டே பேச 'ஆக்டிவ்' ஸ்டெபிலைசேஷன் போட்டால் படம் ஓரத்தில் வெட்டப்பட்டு, கையை நீட்டினாலும் முகம்தான் திரை முழுக்க நிற்கும்.

அப்புறம் பிளாஷ். இதைப் பலர் வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். ஆர்50-இன் தலையில் பிளாஷ் மாட்டும் ஷூவில் பழைய மாதிரி நடு முனை கிடையாது. உங்களிடம் இருக்கும் பழைய பிளாஷோ, தள்ளி வைத்த பிளாஷை எரியவைக்கும் ட்ரிகரோ மாட்டினால் எரியாது, தனியாக ஓர் அடாப்டர் வாங்க வேண்டும். "சோனியில் புது மாடல் வந்திருக்கே" என்று இசட்வி-ஈ10 மார்க் 2-க்குத் தாவுகிறவர்களும் நில்லுங்கள். பெரிய பேட்டரி, 26 மெகாபிக்சல், வீடியோவுக்கு நல்ல கேமரா. ஆனால் அதில் மெக்கானிக்கல் ஷட்டர் (சென்சார் முன் திறந்து மூடும் திரை) இல்லை, பிளாஷ் ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/30 நொடி மட்டுமே. அந்த வேகத்தில் மாலை மாற்றும் கைகள் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். அது யூடியூப் ஆட்களுக்கான கேமரா, பிளாஷ் போட்டுக் கல்யாணம் எடுக்கிறவருக்கானது இல்லை.

மண்டப விளக்குகளும் எல்இடி திரையும் இருக்கும் இடத்தில், அணைக்க முடிகிற எந்தக் கேமராவானாலும் எலக்ட்ரானிக் ஷட்டரை அணையுங்கள், இல்லையென்றால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஷட்டரை 1/50-இலோ 1/100-இலோ வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் மினுக்குவது அதற்கு ஏற்பத்தான்.

கூலிக்குக் கல்யாணம் எடுக்கத்தான் கேமரா என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்த இரண்டுமே முதல் கேமராவாக வேண்டாம். ஒற்றைக் கார்டு ஸ்லாட். கார்டு செத்தால் தாலி கட்டிய படம் போச்சு, அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட் சோனி ஏ7 III, அல்லது கேனான் ஆர்7 பாருங்கள். இரண்டிலும் இரண்டு ஸ்லாட். இன்று வாங்க முடியாவிட்டால் சீனியர் ஒருவரிடம் இரண்டாவது ஆளாகப் போங்கள். அதற்கு இந்தச் சின்னக் கேமராக்கள் தாராளமாகப் போதும்.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள், "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், அது பாடியின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டிக்குள் இந்திய வாரண்டி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் லென்ஸுக்குள் டார்ச் அடித்து ஃபங்கஸ் (பூஞ்சை) பாருங்கள், கடலோர ஊர்க் கேமரா என்றால் இரண்டு முறை பாருங்கள். துளையை எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சார் அழுக்கும் கீறலும் தெரிந்துவிடும். இரண்டு கேமராவிலும் பேட்டரி சின்னது, கூடுதலாக இரண்டு வாங்குங்கள், ரோட்டோரப் போலி வேண்டாம். 4கே எடுக்க வி30 (எழுதும் வேகத்தின் குறியீடு) என்று போட்ட கார்டு போதும்.

நகையை அடகு வைக்கும் முன் தயவுசெய்து ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். சென்னை, கோவை, மதுரை எங்கும் நாள் வாடகைக்குக் கேமரா கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்த இரண்டையும், ஒரு 2.8 லென்ஸோடு, ஒரு நாளைக்கு எடுங்கள். வீட்டில் ஒரு காதுகுத்து, வளைகாப்பு, எதுவானாலும் போய் நாள் முழுக்க எடுங்கள். மறுநாள் அந்தப் படங்களை என்னிடம் கொண்டு வாருங்கள், அட்டவணை வேண்டாம். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று அந்தப் படங்களை வைத்துப் பேசுவோம்.