எட்டாவது வார்டுக்காரர் ஏன் பேசவில்லை?

ஒன்பது வார்டுகள் உள்ள ஒரு கிராம ஊராட்சி என்று வைத்துக்கொள்வோம். பங்குனி மாதம், வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மன்றக் கூட்டத்தில் ஒரே பேச்சு: குழாயில் தண்ணீர் வரவில்லை. "புதுசா ஒரு போர் போட்டுடலாம்" என்கிறார் தலைவர். ஆளாளுக்குத் தங்கள் தெருவின் கஷ்டத்தைச் சொல்கிறார்கள். அரை மணி நேரத்தில் தீர்மானம் எழுதி, மினிட் புத்தகம் கைமாறி, எல்லாக் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது.

மூன்றாவது வார்டு உறுப்பினருக்கு ஒன்று தெரியும்: முன்பு அதே பக்கத்தில் போட்ட போர் இரண்டே வருடத்தில் வற்றிப்போனது. ஐந்தாவது வார்டுக்காரர் வீடு மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொட்டி ராத்திரியில் நிரம்பி வழிவதை அவர் பார்க்கிறார். ஓடைக்கு அடியில் போகும் குழாய் உடைந்து இரண்டு மாதமாகத் தண்ணீர் வீணாவது எட்டாவது வார்டுக்காரருக்குத் தெரியும். மூன்றும் ஒரே மேசைக்கு வந்திருந்தால், ஊரில் தண்ணீர் இருக்கிறது, குழாய்தான் பழுது என்று புரிந்திருக்கும். ஆனால் மூன்றுமே வரவில்லை.

இந்த ஊர் நான் கற்பனை செய்தது. இப்படி நடப்பதற்கான காரணம் கற்பனை இல்லை. 1985-ல் அமெரிக்க உளவியலாளர்கள் கேரல்ட் ஸ்டாஸரும் வில்லியம் டைட்டஸும் ஒரு சோதனை செய்தார்கள். நான்கு நான்கு பேராகக் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து, மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எல்லாத் தகவலும் நால்வருக்கும் கிடைத்தபோது 83% குழுக்கள் சிறந்த வேட்பாளரைக் கண்டுபிடித்தன. அதே தகவல்களைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தபோது, கால்வாசிக் குழுக்கள்கூடச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நால்வரும் தங்களிடம் இருந்ததை மனம்விட்டுப் பகிர்ந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அவர்கள் பேசாமல் இல்லை, பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினார்கள்.

ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஒருவர் கூட்டத்தில் சொல்வதற்கு 30% வாய்ப்பு என்று வைப்போம். ஒன்பது பேருக்கும் தெரிந்த விஷயம் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிட 96% வாய்ப்பு இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயத்துக்கு அதே 30% தான். "தண்ணீர் வரவில்லை" என்பதற்கு ஒன்பது வாய்கள், ஓடைக் குழாய்க்கு ஒரே ஒரு வாய். அப்படியே அவர் சொன்னாலும் "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சொல்ல இன்னொருவர் இல்லை. தாங்கிப் பேச ஆள் இல்லாத தகவல் கூட்டத்தில் நிற்பதில்லை.

சரி, அப்படியென்றால் ஒன்பது பேர் எதற்கு? இதற்குப் பதில் 1785-லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே கொடுத்துவிட்டார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்தால் 60% சரியாக முடிவெடுப்பார்கள் என்றால், ஒன்பது பேரின் பெரும்பான்மை முடிவு சரியாக இருக்க 73% வாய்ப்பு. தலை எண்ணிக்கை கூடக் கூட இதுவும் கூடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒவ்வொருவரும் சுயமாக முடிவுக்கு வந்திருக்க வேண்டும். தலைவர் முதலில் தன் கருத்தைச் சொல்லி மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினால், ஒன்பது கையெழுத்துக்கும் ஒரு கையெழுத்தின் மதிப்புதான். கணக்கு மீண்டும் 60-க்கே வந்துவிடும்.

உள்ளாட்சி என்றதும் நமக்கு உத்திரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று நுணுக்கமாகச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. (நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவர்களுக்கு அங்கே இடமே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு குடத்தின் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே வந்தவருக்குத் தெரிந்தது தீர்மானத்துக்குள் எப்படிப் போகிறது என்பது அடுத்த கேள்வி. என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய கேள்வி.

அந்த வழியை அடைக்கப் பல தடைகள் இருக்கின்றன. கூட்டப்பொருள் பெரும்பாலும் தலைவரும் ஊராட்சிச் செயலரும் உட்கார்ந்து எழுதுவது. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அவர்கள் இருவரையும் எல்லோரும் கேட்பார்கள். மற்ற உறுப்பினர்களுக்கு அந்தப் பிடியும் இல்லை. அப்புறம் சாதி. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் 2020 அக்டோபரில் வெளியானது. தலைவரையே தரையில் உட்காரவைக்கும் இடத்தில், காலனியிலிருந்து வந்த ஒரு வார்டு உறுப்பினர் மாற்றுக் கருத்து சொல்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது? அங்கே அறிவு குறைவாக இல்லை. அதை வெளியே விடாமல் அடக்கி வைத்திருக்கிறார்கள்.

பேச வாய்ப்புக் கிடைத்தால் போதுமா என்பதற்கும் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் ஆய்வு இருக்கிறது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவரும் இங்குள்ள கிராம சபைகளில் மக்கள் பேசியதை எழுத்தாக்கி, கணினியின் உதவியோடு அலசி 2019-ல் வெளியிட்டார்கள். ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் குறைவாகப் பேசினார்கள். அவர்கள் எடுத்த பேச்சு கூட்டத்தின் பேச்சாக மாறுவதும் குறைவு. அவர்கள் கேட்டதற்கு அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. இட ஒதுக்கீட்டில் பெண் தலைவராக வந்த ஊர்களில், பெண்கள் கேட்டதற்குப் பதில் கிடைப்பது கூடியிருந்தது. பேசுவது ஒன்று, பேசியது காதில் விழுவது வேறொன்று என்பதை இந்த ஆய்வு அளந்தே காட்டிவிட்டது.

இதற்கெல்லாம் வழி இருக்கிறதா? இருக்கிறது, செலவும் இல்லை. 1995-ல் ஸ்டாஸர் தன் கூட்டாளிகளோடு இன்னொரு சோதனை செய்தார். யாரிடம் எதைப் பற்றிக் கூடுதல் தகவல் இருக்கிறது என்று குழுவில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதுவரை ஒளிந்திருந்த தகவல்கள் அதிகமாக வெளியே வந்தன. நம் ஊராட்சிக்கு இதைக் கொண்டுவருவது எளிது. கூட்டம் தொடங்கும்போதே "ஓடைப் பக்கம் எட்டாவது வார்டு, தொட்டிப் பக்கம் அஞ்சாவது வார்டு, நீங்க ரெண்டு பேரும் முதல்ல சொல்லுங்க" என்று தலைவர் கேட்கலாம். தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம். தன் யோசனையைத் தலைவர் கடைசியில் சொல்லலாம். கூட்டம் கூடாமலே மினிட் புத்தகத்தை வீடு வீடாகக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை முதலில் நிறுத்த வேண்டும். அதில் ஒளிந்திருக்கும் தகவலுக்கு 30% வாய்ப்புகூட இல்லை, சுழியம்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஓர் அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக, உழைப்பாளியாக இருந்தாலும் அவர் ஒரே தலைதான். எட்டாவது வார்டில் அவர் குடியிருக்கவில்லை. மன்றம் இல்லாத காலத்திலும் மிஞ்சியிருக்கும் கதவு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர் வர வேண்டும், 3,000 வரை என்றால் 100, 10,000 வரை என்றால் 200, அதற்கு மேல் 300. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து கேட்கலாம். போன தடவை போட்ட தீர்மானத்தை வாசிக்கச் சொல்லலாம், அது என்ன ஆனது என்று கேட்கலாம், ஓடைக்கு அடியில் உடைந்து கிடக்கும் குழாயைப் பற்றித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.