ஊர்ப்பெயரை வாலிலிருந்து பிரிக்கும் முறை

ஊர்ப்பெயரின் தலையைப் பிடித்து இழுத்தால் கதைதான் வரும். ஒரு ராசாவோ முனிவரோ வந்து நிற்பார். வாலை, அதாவது பெயரின் கடைசிச் சொல்லைப் பிடித்தால் நிலம் வரும். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அந்த வால்கள் சிலதான்: தண்ணீருக்குள் நீட்டிய நிலம் முனை, உள்வாங்கிய கரை குடா, காடு வெட்டி எரித்துப் பயிரிட்ட இடம் சேனை, நீர் தேங்கும் தாழ்நிலம் வில்.

ஒரே வால் உள்ள ஊர்களை முதலில் ஒன்றாக எழுதுங்கள். தம்பிலுவில், கோளாவில், ஒலுவில், பொத்துவில். அவசரப்பட வேண்டாம், சிங்களத்திலும் ‘வில’ நீர்நிலைதான், சேனையும் அங்கே ‘ஹேன’தான். வாலை மட்டும் வைத்து ஒரு பெயர் எந்த மொழிக்குரியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது பழைய எழுத்து. காணி உறுதி, வரைபடம், கோயில் ஏடு, எதில் கண்டாலும் ஆண்டையும் குறித்து, எழுத்தைத் திருத்தாமல் அப்படியே படியெடுக்க வேண்டும். 1961 வரை அம்பாறை தனி மாவட்டமல்ல. அதற்கு முந்திய பதிவுகளை மட்டக்களப்பின் கீழ்த் தேடுங்கள். ஆங்கில எழுத்தை மட்டும் நம்பினால் மோசம் போவீர்கள். ல, ள இரண்டுக்கும் அதில் ஒரே எழுத்துத்தான். கல்லாறு கள்ளாறாகும், வெல்லாவெளி வெள்ளாவெளியாகும், பிறகு வெள்ளம் வந்த கதை ஒன்றும் முளைக்கும். ஊர் வயசாளி ஒருவரைச் சொல்லச் சொல்லிக் காதால் கேட்டுத் தமிழில் எழுதுவதே மருந்து.

பெயர் அலங்காரமும் தடத்தை அழிக்கும். ஆரையம்பதியின் பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை செடி, பற்றை புதர். பற்றையைப் பதி விழுங்கியபின் புதரை யார் நினைப்பார்?

பக்கத்து மொழியையும் விடாதீர்கள். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிற்கிற மருதமரம் சிங்களத்தில் கும்புக். தெற்கே போனால் கும்புக்கன் ஓயா; ஓயா என்றால் ஆறு. வரைபடத்தில் கல் ஓயா என்றிருப்பது தமிழர் வாயில் பட்டிப்பளை ஆறு. மட்டக்களப்பைத் தமிழர் மட்டம், களப்பு என்று பிரிப்பர். சிங்களவர் மட, அதாவது சேறு, கலப்புவ என்று பிரிப்பர். முன்பாதியில் வழக்குண்டு, பின்பாதியில் இல்லை: இருவருக்கும் அது ஊரை ஒட்டிய வாவிதான்.

கடைசியாக, நேரில் போவது. வரைபடத்தில் ஏறாத வயற்பெயர்கள் வயல்களைக் கவனிக்கும் வட்டை விதானைமார் வாயில்தான் இருக்கும். ஆவணியில் போகாதீர்கள். அப்போது வெறும் புல்தரையாகக் கிடக்கிற பள்ளம் மார்கழி மழையில்தான் வில்லாக நிற்கும்.